விமானக் கட்டணம்: பெயர் மூன்று, போட்டி எத்தனை?

விமானத்தின் முன்வரிசை இருக்கைக்கு எவ்வளவு கேட்கலாம் என்பது, அதே தடத்தில் வேறு யார் அத்தகைய இருக்கையை விற்கிறார்கள் என்பதையும் பொறுத்தது.

இந்திய உள்நாட்டுச் சேவையில் அது தெரிந்தது. 2024 நவம்பர் 12ஆம் தேதி விஸ்தாரா, ஏர் இந்தியாவுடன் இணைந்தது. பிஸ்னஸ் வகுப்பை விற்றுவந்த இரு பெரிய நிறுவனங்கள் ஒன்றாயின. இரண்டே நாளில், மலிவுக் கட்டண நிறுவனமான இண்டிகோ, டெல்லி-மும்பை தடத்தில் 12 அகன்ற இருக்கைகளுடன் ‘ஸ்ட்ரெச்’ சேவையைத் தொடங்கியது. தொடக்கக் கட்டணம் 18,018 ரூபாய்.

இணைந்த ஏர் இந்தியாவில் சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 25.1 விழுக்காட்டுப் பங்கு உண்டு. அதனால் இங்கிருந்து சென்னை, திருச்சி செல்லும் தடங்களிலும் போட்டி குறையலாம் எனச் சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் கருதியது. கொவிட்-19க்கு முந்திய அளவில் இருக்கைகளை வழங்க நிறுவனங்கள் உறுதியளித்ததால், 2024 மார்ச்சில் நிபந்தனையுடன் ஒப்புதல் தந்தது.

அந்த உறுதிமொழி இருக்கைகளின் எண்ணிக்கை பற்றியது. கட்டணத்துக்கு உச்சவரம்பு அன்று.

ஸ்கூட்டும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமத்தைச் சேர்ந்ததே. தீபாவளிக்கு ஊர் செல்வோர் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட், ஏர் இந்தியா விலைகளை மட்டும் ஒப்பிட்டால், அது மூன்று தனித்தனிப் போட்டியாளர்களை ஒப்பிட்டதாகாது. பங்குத் தொடர்பில்லாத நிறுவனத்தின் விலையையும் பார்த்த பிறகு சீட்டு வாங்குவதே நல்லது.