பாதிரியாரின் தியாகம் யார் தலையில்?

மதப் பிரசாரத்திற்காகக் கடல் கடந்து போகும் பாதிரிமார்களிடத்தில் ஜனங்களுக்குப் பெரிய மரியாதை ஒன்று இருந்து வருகிறது. வழியனுப்பு உபசாரம், மாலை, ஜெபம், காணிக்கை எல்லாம் நடக்கும். பேசுகிறவர்கள் அத்தனை பேரும் அவருடைய தியாகத்தையே பேசுவார்கள். கடைசியில் ஒருவர் எழுந்து, வீட்டிலிருந்தபடியே இவருடைய ஊழியத்தைத் தாங்கும் மனைவி மக்களையும் நாம் மறக்கலாகாது என்று ஒரு வார்த்தை சொல்லுவார். கைதட்டல் கேட்கும். அந்த அம்மாள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அத்தோடு அவள் கணக்குத் தீர்ந்தது.

"தாங்குவது" என்ற இந்த வார்த்தைக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்க்க விரும்புகிறோம். அதற்கு யாரோ ஒரு சாதாரணப் பாதிரியை எடுத்துக் கொண்டால், அவர் யோக்கியதை அவ்வளவுதான் என்று சொல்லித் தப்பித்துக் கொள்வார்கள். ஆகவே அவர்களில் எல்லோரும் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிற டேவிட் லிவிங்ஸ்டனையே எடுத்துக் கொள்ளுவோம்.

லிவிங்ஸ்டன் 1813ல் ஸ்காட்லாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பஞ்சாலையில் வேலை செய்துகொண்டே படித்து வைத்தியரானவர். லண்டன் மிஷன் சங்கத்தார் அவரைத் தென் ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே குருமான் என்ற ஊரில் மிஷன் நடத்திய ராபர்ட் மாபட் பாதிரியாரின் மகள் மேரியை 1845ல் விவாகம் செய்துகொண்டார். மேரி அம்மையார் பிறந்ததும் ஆப்பிரிக்காவில்தான். நாட்டுப் பாஷை அறிந்தவர். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர். சோப்பும் மெழுகுவர்த்தியும் கூட வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டிய காட்டில் குடும்பம் நடத்தியவர். இந்த உழைப்புக்கெல்லாம் மிஷன் சங்கக் கணக்கில் அவர் பெயரில் சம்பளம் என்று ஒரு காசும் கிடையாது. சம்பளம் புருஷனுக்கு. வேலை இருவருக்கும்.

1850ல் லிவிங்ஸ்டன் பாலைவனத்தைத் தாண்டி ங்காமி ஏரிக்குப் போனபோது கர்ப்பிணியான மனைவியையும் மூன்று குழந்தைகளையும் மாட்டு வண்டியில் கூட்டிக்கொண்டு போனார். குழந்தைகள் ஜுரத்தில் விழுந்தன. திரும்பி வந்து பிறந்த பெண் குழந்தை ஆறு வாரத்தில் செத்தது. அடுத்த வருஷமே, மாமியார் எவ்வளவோ கண்டித்து எழுதியும் கேளாமல், மறுபடி கர்ப்பிணியாயிருந்த அந்த அம்மையாரை மறுபடியும் வண்டியில் ஏற்றினார். இந்தத் தடவை பிரசவம் வழியில் ஆற்றங்கரையிலேயே ஆயிற்று.

பிறகு 1852 ஏப்ரலில், குடும்பத்தோடு காட்டில் அலைவது முடியாதென்று கண்டு, கேப் டவுனில் கப்பலேற்றி மனைவியையும் நான்கு குழந்தைகளையும் "தாய்நாட்டுக்கு" அனுப்பி வைத்தார். மூத்தவனுக்கு ஆறு வயது; கடைசியானது கைக்குழந்தை. யாருக்குத் தாய்நாடு? அது அவருடைய தாய்நாடு. அந்த அம்மையார் பிறந்த மண்ணோ காலடியில் இருந்தது. பெண்ணுக்குப் புருஷன் ஊர்தான் ஊர் என்று நம் ஊர்ப் பாட்டிகள் சொல்லுவது பிரிட்டனிலும் செல்லுபடியாகும் போலிருக்கிறது.

இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்ற நம்பிக்கை கொடுத்தவர் வந்து சேர்ந்தது 1856 டிசம்பரில். இடையிலே நாலரை வருஷம். அம்மையாருக்கும் மாமனார் வீட்டாருக்கும் சில மாதங்களிலேயே ஒத்துக்கொள்ளவில்லை. குழந்தைகளை இழுத்துக்கொண்டு ஊர் ஊராய் வாடகை அறைகளில் குடியிருந்தார். பணம் போதாமல் மிஷன் சங்கத்தாருக்கு விண்ணப்பம் மேல் விண்ணப்பம் எழுதினார். நோயும் வந்தது. மனம் உடைந்து மதுவைத் தேடினார் என்றும், மதத்திலேயே சந்தேகம் கொண்டார் என்றும் பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். குடித்ததை எழுதினவர்கள் அதை ஒரு குற்றமாக எழுதினார்கள். ஏன் குடித்தார் என்பதை ஆராய அவர்களுக்கு நேரமில்லை போலும்.

அதே காலத்தில் புருஷனோ ஆப்பிரிக்காவைக் குறுக்கே கடந்து, 1855ல் பூகோள சங்கத்தின் தங்கப் பதக்கத்திற்குரியவராகிவிட்டார். திரும்பி வந்ததும் பாராட்டுக் கூட்டங்கள். ஷாப்ட்ஸ்பரி பிரபு தலைமை வகித்த மிஷன் சங்கத்துக் கூட்டத்தில் மேரி அம்மையாரின் பொறுமைக்கும் புகழ் வார்த்தைகள் கிடைத்தன. விண்ணப்பத்துக்குப் போதிய பணம் தராத சங்கம் பாராட்டைத் தாராளமாய்த் தந்தது. பாராட்டுக்குச் செலவில்லை அல்லவா?

1858ல் மறுபடி பயணம். கூடப் புறப்பட்ட அம்மையார் கர்ப்பிணி என்று தெரிந்ததும் கேப் டவுனில் இறக்கி விடப்பட்டார். அப்போது பிறந்த பெண்ணைத் தகப்பனார் முதன்முதல் பார்த்தபோது அவளுக்கு வயது ஐந்து. அதற்குள் தாய் இறந்து போயிருந்தாள். 1862ல் ஜாம்பசி ஆற்றுக்குப் புருஷனைத் தேடிப் போன அந்த அம்மையார், சில மாதங்களிலேயே ஏப்ரல் 27ந் தேதி ஷுபாங்கா என்ற இடத்தில் விஷ ஜுரத்தால் மாண்டார். மூத்த பையன் ராபர்ட் தகப்பனைத் தேடி ஆப்பிரிக்கா போய், காணமுடியாமல், அமெரிக்காவுக்குப் போய், அங்கு நடந்த உள்நாட்டு யுத்தத்தில் வேறு பெயரில் பட்டாளத்தில் சேர்ந்து, 1864ல் சிறை முகாமில் பதினெட்டு வயதில் செத்தான். உங்கள் பெயருக்கு இழுக்கு வராதபடி பெயரை மாற்றிக்கொண்டேன் என்று தகப்பனுக்கு எழுதினான். இதுதான் "குடும்பம் வீட்டிலிருந்து தாங்கியது" என்பதன் வரவு செலவு.

சரி, இவ்வளவும் கொடுத்து வாங்கிய சரக்கு என்ன? அவர் கையால் கிறிஸ்தவரானார் என்று முக்கியமாய்ச் சொல்லப்படுகிறவர் செச்சேலே என்ற ஒரு தலைவர். அவருக்கு ஐந்து மனைவிமார். ஞானஸ்நானம் வேண்டுமானால் நான்கு பேரை விலக்க வேண்டும் என்றாயிற்று, விலக்கினார். 1848ல் ஞானஸ்நானம் ஆயிற்று. அடுத்த வருஷமே, விலக்கிய ஒருத்தி அவரால் கர்ப்பமானாள் என்று நற்கருணையிலிருந்து நிறுத்தப்பட்டார். பாதிரியார் ஆத்துமாவைத் தேடிப் போனதில் அவர் வீட்டில் ஒருத்தி தெருவுக்கு வந்தாள். அங்கே நான்கு பேர் வந்தார்கள்.

அடிமை வியாபாரத்தின் கொடுமையை உலகறியச் செய்தது லிவிங்ஸ்டன்தானே என்று கேட்பார்கள். ஆம், அதை நாம் மறைக்கவில்லை. மறைப்பது யோக்கியமும் ஆகாது. 1873ல் சான்சிபார் அடிமைச் சந்தை மூடப்பட்டதற்கு அவருடைய எழுத்தும் ஒரு காரணம். அது மனித தர்மம். நாம் கேட்பது வேறு. மற்றவர் வீட்டுப் பெண்டு பிள்ளைகளைப் பிரித்து விற்பது பாவம் என்று சொன்னவருக்குத் தம் வீட்டுப் பெண்டு பிள்ளைகள் பிரிந்து கிடந்தது ஏன் பாவமாய்த் தெரியவில்லை? குழந்தைகளோடு விளையாட நேரம் ஒதுக்காமற் போனேனே என்று பிற்காலத்தில் அவரே வருந்தியிருக்கிறார். பாவம், கடவுள் அழைப்பு என்ற சொல் அவர் கண்ணை மறைத்தது என்றே சொல்லுவோம்.

இந்த அழைப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அழைப்பு எப்போதும் புருஷனுக்கே வருகிறது. பெண்சாதியைக் கூப்பிட்டு, "அம்மா, உன் புருஷனை நாலு வருஷம் எடுத்துக்கொள்ளட்டுமா, உனக்குச் சம்மதமா?" என்று ஒரு கடவுளும் கேட்டதாக எந்தப் பாதிரியும் இதுவரை சாட்சி சொன்னதில்லை.

கூலிக்காக மலாய்க்கும் பர்மாவுக்கும் போனவர்கள் பெண்டாட்டியை விட்டுப் போகவில்லையா என்று ஒரு நண்பர் கேட்கலாம். போனார்கள். வயிற்றுக்காகப் போனோம் என்று ஒப்புக்கொண்டார்கள். வீட்டுக்குப் பணம் அனுப்ப முயன்றார்கள். நீ இங்கே பட்டினி கிடப்பதுதான் உனக்கு மோட்சம் என்று மனைவிக்கு உபதேசம் செய்யவில்லை.

இதைப் படித்து நம் இந்து மத நண்பர்கள் சிரிக்க வேண்டியதில்லை. தன் வாக்கைக் காப்பாற்ற மனைவியையும் மகனையும் சந்தையில் விற்ற அரிச்சந்திரனை விடிய விடிய நாடகம் பார்த்து அழுதவர்கள் இவர்கள்தான். சந்திரமதியைச் சம்மதம் கேட்டானா என்று கொட்டகையில் ஒருவரும் எழுந்து கேட்டதில்லை.

ஆகையால், வெளிநாட்டு ஊழியத்திற்குப் பாதிரியை அனுப்பும் சபையாருக்கு நமது கேள்விகள் இவை. போகிறவரின் மனைவியைத் தனியாய், புருஷனும் மேய்ப்பரும் பக்கத்தில் இல்லாமல், சம்மதம் கேட்டீர்களா? அவள் மாட்டேன் என்றால் பயணத்தை நிறுத்துவீர்களா, அல்லது அவளுக்கு விசுவாசம் போதாது என்பீர்களா? மாதம் எவ்வளவு பணம், யார் கையில் கொடுப்பீர்கள்? குழந்தைக்கு ஜுரம் வந்தால் எந்த வைத்தியர், யார் செலவு? இன்றும் போகிறவர்கள் உண்டு. வீட்டில் காத்திருப்பவர்களும் உண்டு. அடுத்த வழியனுப்பு கூட்டத்தில் காணிக்கைத் தட்டு உங்களிடம் வரும்போது, காசு போடுமுன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கிடைக்கும் பதிலை நமக்கு எழுதியனுப்பினால், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் வெளியிடுவோம்.