எலி வளையும் என் அறிவியல் பாடமும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் படியுங்கள். குளம், குட்டை, கண்மாய்க் கரையோரம் நிலம் வைத்திருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள்.

கோடை வந்துவிட்டால் முகநூலைத் திறந்தாலே ஜேசிபி படம்தான். "எங்கள் ஊர் ஊருணி தூர்வாரப்படுகிறது" என்று ஒரு பேனர், பக்கத்தில் சால்வை போட்ட நாலு பேர், பின்னால் மஞ்சள் வண்டி. நல்ல காரியம்தான், நானும் லைக் போடுகிறேன். ஆனால் ஒரு படத்தில்கூடக் கரையைக் காட்ட மாட்டார்கள். எவ்வளவு ஆழம் தோண்டினோம், எத்தனை லோடு மண் எடுத்தோம் என்பதுதான் கணக்கு. அந்தத் தண்ணீரைத் தாங்கி நிற்கப்போகிற கரையில் எத்தனை வளை இருக்கிறது என்று எண்ணிய ஆளை நான் இதுவரை பார்க்கவில்லை. நானும் எண்ணவில்லை. அதற்கான விலையை நான் கொடுத்ததைவிட என் பக்கத்து நிலத்துக்காரர்தான் அதிகம் கொடுத்தார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சிவகங்கைச் சீமையில் எங்களுக்கு நாலு ஏக்கர் வானம் பார்த்த பூமி. அதில் தாத்தா காலத்தில் வெட்டிய குட்டை ஒன்று, அறுபது சென்ட் இருக்கும். இப்போது பண்ணைக்குட்டை என்று சொல்கிறார்களே, அதேதான், அன்றைக்குப் பெயர்தான் கிடையாது. நான் வெளியூர்களில் வேலை பார்த்த 34 வருடத்தில் அது தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டி, ஆடு மேய்க்கிறவர்கள் நிழலுக்கு ஒதுங்குகிற இடமாகிவிட்டது. ஓய்வுபெற்று ஊர் திரும்பியதும் முதல் ஆசை அதைச் சீர்படுத்துவதுதான். 2022 கோடையில் ஜேசிபி வைத்து எட்டு நாள் வேலை. கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். உள்ளே அள்ளிய மண்ணைக் கரைமேலேயே கொட்டிக் கரையை ஏழு அடி உயர்த்தினோம். பார்க்கக் கோட்டைச் சுவர் மாதிரி இருந்தது. நானும் படம் எடுத்துப் போட்டேன். 412 லைக் வந்தது.

அந்தக் கரை எலிக்கு நாங்களே கட்டிக் கொடுத்த வீடு என்று அப்போது தெரியாது.

எப்படி என்று சொல்கிறேன். கொட்டிய மண்ணை மிதிக்கவில்லை, இடிக்கவில்லை. வேர் பிடுங்கிய பள்ளங்களை மேலாக மூடிவிட்டோம், உள்ளே அறுந்த வேர்கள் அப்படியே கிடந்தன. வேர் மக்கினால் அந்த இடம் குழாய் மாதிரி ஓட்டையாகிவிடும். எலிக்குத் தோண்டுகிற வேலையில் பாதி மிச்சம். கரைக்கு இந்தப் பக்கம் தண்ணீர், அந்தப் பக்கம் நெல்வயல், நடுவில் பொலபொலவென்று காய்ந்த மண். வரப்பு எலி வேறு எங்கே போகும்? அடுத்த வருடமே கரையின் மேல்பாதியில் அங்கங்கே பொடிமண் குவியல் தெரிந்தது. நண்டு வளைகளும் இருந்தன. அவை தண்ணீர் ஓரமாக, வாயில் ஈரமண் உருண்டைகளோடு இருக்கும். எலி காய்ந்த இடத்தைத் தேடும், நண்டு ஈரத்தைத் தேடும். நீர்மட்டம் இறங்க இறங்க நண்டும் கூடவே இறங்கித் தோண்டும். ஆக மேலே எலி, கீழே நண்டு.

நான் என்ன செய்தேன்? சிமெண்ட் கலவை குழைத்து ஒவ்வொரு வாயையும் பூசி அடைத்தேன். வாயை மட்டும்! உள்ளே வளை அப்படியே இருக்கிறது. எலி ஒரு முழம் தள்ளி வேறு வாசல் போட்டுக்கொண்டது.

2023 கார்த்திகையில் குட்டை நிரம்பியது. மார்கழி பிறந்த சமயம், கீழ்ப்பக்கத்து வயல்காரரின் மனைவி வந்து, "சார், எங்க வயல்ல தானா தண்ணி ஊறுது, பாத்தீகளா?" என்றார். போய்ப் பார்த்தேன். கரையடியில் விரல் தடிமனில் தெளிந்த தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "ஊற்றுத் தண்ணீர்மா, நல்லதுதானே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அறிவியல் வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் போய்விட்டார். நாலு நாள் தெளிவாக வந்த தண்ணீர் ஐந்தாம் நாள் காலை கலங்கலாக வந்தது.

இந்த ஒரு விஷயத்தைத் தயவுசெய்து மனதில் வையுங்கள். கரைக்கு வெளியே கசிகிற நீர் தெளிவாக இருந்தால் கண்காணிக்க வேண்டும். கலங்கலாக வந்தால் கரையின் மண்ணை உள்ளிருந்து அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அதன்பிறகு நேரம் கிடையாது.

நான் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. தண்ணீர் வெளிவருகிற வாயில் கல்லும் களிமண்ணும் வைத்து அடைத்தேன். அடைத்தால் அழுத்தம் எங்கே போகும்? பக்கத்தில் பலவீனமான இடத்தைத் தேடும். அன்று இரவு கரை பதினைந்து அடி அகலத்துக்குப் பிய்த்துக்கொண்டு போனது. பால் பிடித்து நின்ற ஒன்றரை ஏக்கர் நெல் மண்ணுக்குள் போய்விட்டது.

அந்த வயல்காரர் என்னிடம் ஒன்பதாம் வகுப்புப் படித்தவர். ஒரு தகர டப்பாவில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் ஊற்றிக் காட்டுவேன். கீழ் ஓட்டையில் வருகிற தண்ணீர்தான் அதிக வேகத்தில் பாயும், ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். அவர் வகுப்பிலும் இதைச் செய்திருப்பேன், வருடாவருடம் செய்தேன். என் கரையடியில் அதே ஓட்டை விழுந்தபோது எனக்கு உறைக்கவில்லை.

விடிந்ததும் அவர் வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "விடுங்க சார், தண்ணிதானே" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. நட்டத்தைக் கணக்குப் போட்டுப் பணம் கொடுத்தேன், பாதியை மட்டும் வாங்கிக்கொண்டார். அவர் அம்மாதான் இன்றுவரை என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அதுதான் நியாயம்.

எங்கள் பக்கத்தில் நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஒருவர் இருந்தார். கண்மாய்த் தண்ணீரை மடை திறந்து முறைவைத்துப் பாய்ச்சுவார். வேறு மாவட்டங்களில் நீர்க்கட்டி, கம்புக்கட்டி என்று பெயர். அவருக்கு அறுவடையில் நெல் அளந்து கொடுப்பார்கள். மடை திறப்பது வெளியே தெரிகிற வேலை. தெரியாத வேலை, மழைக்காலம் முழுக்கக் கையில் கம்போடு தினமும் கரையை நடந்து பார்ப்பது. தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கு மேல் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. எத்தனையில் இன்றைக்கு அப்படி நடக்க ஆள் இருக்கிறது? 2017இல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே அரசு திட்டம் கொண்டுவந்தது. வேலை நடந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை வருகிற எஸ்டிமேட்டும் தினம் கரையில் நடக்கிற காலும் ஒன்றாகுமா? வளை அடைக்க எஸ்டிமேட் போட முடியாது. அது ஒருநாள் வேலையல்ல, மாதாமாதம் சம்பளம் கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. தூர்வாரச் செலவழிக்கிற தொகையில் சிறு பங்கை ஒதுக்கி, ஐப்பசி முதல் தை வரை ஊருக்கு ஒரு ஆளைக் கரையில் நடக்க வைக்கலாம். நூறுநாள் வேலையில் புல் செதுக்குகிறவர்களில் இருவரை இதற்கு விடலாம் என்று கிராமசபையில் சொன்னேன். "சார், அதுக்கெல்லாம் அளவு எடுக்க முடியாது" என்றார்கள். அளவு எடுக்க முடியாத வேலை வேலையில்லையா?

சரி, எங்கள் குட்டைக்கு வருகிறேன்.

ஊரில் பழைய நீர்பாய்ச்சி ஒருவர் இருக்கிறார், எழுபத்தெட்டு வயது. போய்ச் சொன்னேன். "சித்திரையில தண்ணி வத்தட்டும், வர்றேன்" என்றார். வந்தார். ஒரு பழைய மண்பானையில் வைக்கோலும் பச்சை வேப்பிலையும் போட்டுப் பற்றவைத்து, அடியில் ஓட்டை போட்டு, ஒரு வளை வாயில் கவிழ்த்து ஊதினார். இருளர்கள் எலி பிடிக்கிற முறையும் இதுதான். கொஞ்ச நேரத்தில் கரையில் அங்கங்கே புகை கிளம்பியது. பேத்தி ஓடி ஓடி எண்ணினாள், பதினோரு இடம். அதில் இரண்டு, நான் சிமெண்ட் பூசிய இடத்துக்குப் பக்கத்திலேயே. ஒன்று வெளிப்பக்க அடியில், வயலை ஒட்டி.

பிறகு ஒவ்வொரு வளையையும் கடைசி அறைவரை தோண்டித் திறந்தோம். ஒன்றில் இரண்டு படி நெல் கிடந்தது. வளையைத் திறக்காமல் மூடாதீர்கள், இதுதான் முழு வைத்தியமும். தோண்டிய பள்ளத்தின் பக்கங்களைப் படிப்படியாக வெட்டி, குட்டையின் அடியிலிருந்தே களிமண் எடுத்து, அரை அடி கனம் போட்டு, திமிசுக்கட்டையால் இடித்து, அதன்மேல் அடுத்த அரை அடி. மண் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டேன். "கையில பிடிச்சா உருண்டையா நிக்கணும், உள்ளங்கையில ஒட்டக் கூடாது." ஆய்வகத்தில் கண்டுபிடிக்கிற ஈரப்பதத்தின் கிராமத்து அளவு இது. உடைந்த பதினைந்து அடியையும் இப்படியே கட்டினோம். நடுவில் ஒரு கீதாரியிடம் சொல்லி இரண்டு நாள் ஆட்டு மந்தையை அதன்மேல் ஓட்டினோம். சிரிக்காதீர்கள். அணைக்கட்டு வேலையில் களிமண்ணை இறுக்க ஒரு ரோலர் ஓடும், அதற்கு இங்கிலீஷ் பெயரே ஷீப்ஸ்ஃபுட் ரோலர், ஆட்டுக்கால் உருளை.

கரையைச் சாய்வாக்கினோம். ஒரு அடி உயரத்துக்கு இரண்டு அடி சரிவு, இரண்டு பக்கமும். அதில் கொஞ்சம் நிலம் போனது, போகட்டும். தண்ணீர்ப் பக்கம் அலைகல் பதித்தோம். வெளிப்பக்கம் அருகம்புல், மேலே வெட்டிவேர். மரம் கிடையாது. கரைமேல் மரம் நடுகிற பசுமை நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், மரத்தைக் கரையடியிலிருந்து தள்ளி நடுங்கள். முன்பு கலுங்கு இல்லாத குட்டைக்கு ஒரு சின்னக் கலுங்கும் கட்டினோம், கரையின் உச்சிக்கு இரண்டடி கீழே.

விஷம் வைத்தால் முடிந்ததே என்று கேட்டவர்கள் பலர். நான் வைக்கவில்லை. செத்த எலி வளைக்குள் அழுகும், வளை அப்படியே இருக்கும். அடுத்த எலி வாடகை இல்லாமல் குடியேறும். ஆடும் நாயும் மயிலும் நடமாடுகிற இடம் அது. அந்த மருந்து டப்பா வீட்டுப் பரணில் இருந்ததால் நடந்த சாவுகளுக்கு ஆசிரியராக நான் மாலையோடு போயிருக்கிறேன். இன்னொன்று, வளையில் இருப்பதெல்லாம் எலி என்று நினைக்கக் கூடாது. எங்கள் கரையில் ஒரு உடும்பு இருந்தது. 1972 வன உயிரினச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி. அது தானே வெளியேறும்வரை நாலு நாள் வேலையை நிறுத்தினோம். வயலில் ஆறு இடத்தில் டி வடிவக் கம்பு நட்டிருக்கிறேன், இரவில் ஆந்தை வந்து உட்காருகிறது. சாரைப்பாம்பை அடிக்க விடுவதில்லை. நண்டைச் சிறுவர்கள் பிடித்துப்போய் ரசம் வைக்கிறார்கள், எனக்கும் ஒரு சட்டி வரும்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. போன ஐப்பசியில் ஏழு புது வளை. தை வரை மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றும் முழ ஆழத்திலேயே பிடிபட்டதால் மண்வெட்டி, திமிசுக்கட்டை, அரைமணி நேரம், அவ்வளவுதான். தினமும் காலை ஆறு மணிக்குக் கம்போடு கரையை ஒரு சுற்று, வெளிப்பக்க அடியில் ஒரு சுற்று. இருபது நிமிடம்.

கசிவு கலங்கிவிட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வெளிவாயை அடைக்காதீர்கள். அதைச் சுற்றி மணல் மூட்டைகளைக் கிணற்றுச் சுவர் மாதிரி வட்டமாக அடுக்குங்கள். உள்ளே தண்ணீர் ஏற ஏற அழுத்த வித்தியாசம் குறையும், மண் வருவது நிற்கும். அதே நேரம் கலுங்கையோ மடையையோ திறந்து குட்டையின் மட்டத்தை இறக்குங்கள். கீழே வயல் வைத்திருப்பவருக்கு உடனே சொல்லுங்கள், இரவு இரண்டு மணியானாலும் சரி.

இப்போது காலைச் சுற்றில் சில நாள் அவரும் கூட வருகிறார். வெளிப்பக்கம் அவர், உள்பக்கம் நான். போன வாரம் அவர்தான் புது வளை ஒன்றைக் கண்டுபிடித்தார். "சார், இங்க பாருங்க, சிமெண்ட் கொண்டாரவா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்.