ஒரே முகம், வேறு குறி

உரித்து வைத்தாற்போல் இருக்கும் இரட்டையரும் வயதாக ஆக உள்ளுக்குள் வேறாகிறார்கள். 2005-இல் வெளிவந்த ஸ்பெயின் ஆய்வில் 40 ஜோடிகளைச் சோதித்தார்கள். 3 வயதுப் பிள்ளைகளிடம் மரபணுவும் ஒன்று, அதன்மேல் ஒட்டும் மெத்தில் குறிகளும் ஏறக்குறைய ஒன்று. 50 வயது ஜோடியிடம் மரபணு அதேதான். குறிகளோ வெகுவாக மாறியிருந்தன. எந்த மரபணு வேலை செய்யும், எது அடங்கிக் கிடக்கும் என்பதில் இந்தக் குறிகளுக்குப் பங்குண்டு. அதிக காலம் பிரிந்து வாழ்ந்தவர்களிடம் வித்தியாசம் கூடுதல்.

போன வாரம் வானொலிக்கு அழைத்த ஒரு நேயர், “இரட்டையில் மூத்த அக்காவுக்கு இனிப்புநீர். எனக்கும் எழுதியாச்சா?” என்றார். (ஐந்து நிமிட அக்கா!) இல்லைங்க. ஆனால் ஆபத்து மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம். இந்த வாரமே கிளினிக்கில் ரத்தம் பாருங்கள். தே தாரிக்கையும் ‘குராங் மானிஸ்’ என்றே கேளுங்கள்.