லோக்கல் இங்க் கெட்டதா? கம்பெனி இங்க் கொள்ளையா?

"லோக்கல் இங்க் போட்டா போட்டோ வெளங்காது"ன்னு ஒரு கோஷ்டி. "கம்பெனி இங்க் வாங்குறவன் ஏமாளி"ன்னு இன்னொரு கோஷ்டி. கூட பொட்டி தட்டுற நண்பர்கள்ல இருந்து எங்க வடமதுரை ஸ்டுடியோ அண்ணன்மார் வரைக்கும் இந்த ரெண்டுல ஒண்ணத்தான் சொல்றாங்க. ரெண்டுமே பாதி உண்மை மக்களே.

முதல்ல கம்பெனிக்காரங்களுக்கு. உங்க தரத்து மேல அவ்ளோ நம்பிக்கை இருந்தா அடுத்தவன் கார்ட்ரிட்ஜுக்கு எதுக்கு சார் பூட்டு? 2016 செப்டம்பர்ல, அதுவரைக்கும் ஒழுங்கா ஓடிட்டிருந்த வேற கம்பெனி கார்ட்ரிட்ஜை ஹெச்பி பிரிண்டர்கள் பல திடீர்னு ஏத்துக்க மாட்டேன்னுச்சு. எதிர்ப்பு கெளம்பினதும் அந்தப் பூட்டை எடுக்க தனியா ஒரு ஃபர்ம்வேர் விட்டாங்க. 2017ல அமெரிக்க உச்சநீதிமன்றம் லெக்ஸ்மார்க் வழக்குல, ஒருதடவை வித்துட்ட கார்ட்ரிட்ஜ் மேல பேட்டன்ட் உரிமை கொண்டாட முடியாதுன்னு தீர்ப்பே குடுத்துச்சு. பக்கத்துல இங்க் டப்பா வெச்சு ட்யூப் இழுத்து ஆளாளுக்கு ஓட்ட ஆரம்பிச்சப்புறம்தானே, எப்சனே 2010ல இந்தோனேசியாவுல டேங்க் பிரிண்டரை எறக்குச்சு?

சரி, கலர் மாறுதேங்கறீங்களா? பெரும்பாலும் அது இங்க்கோட குத்தமில்ல. டிரைவர்ல இருக்குற கணக்கு கம்பெனி இங்க்குக்கும் கம்பெனி பேப்பருக்கும் போட்டது. வேறத மாட்டினா மாப்பிள்ளை மூஞ்சி பச்சையடிக்கத்தான் செய்யும். உங்க இங்க், உங்க பேப்பர், அந்த ஜோடிக்குன்னு ஒரு ஐசிசி ப்ரொஃபைல் போடுங்க. கலர் மேனேஜ்மென்ட்டை அணைச்சுட்டு கலர் கட்டங்களை பிரிண்ட் எடுத்து, நல்லா காஞ்சப்புறம் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர்ல அளந்து, ஆர்கில் மாதிரி இலவச மென்பொருள்ல குடுத்தா வேலை முடிஞ்சுது. கருவி வெல ஜாஸ்திதான். நாலு ஸ்டுடியோ சேந்து ஒண்ணு வாங்கினா ஆகாதா? ஆனா இங்க்கையோ பேப்பரையோ மாத்தினா மறுபடி முதல்லேர்ந்து.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு. "பாருங்க, வித்தியாசமே தெரியல"ன்னு நீட்டுறீங்களே, அது இன்னிக்கு எடுத்த பிரிண்ட். ரெண்டு வருஷம் கழிச்சு? டை இங்க்ங்கறது சாயம். வெளிச்சத்துல வெளுக்கும், காத்துல இருக்குற ஓசோன்லயும் வெளுக்கும். பேர்கூட ஒட்டாத பாட்டில்ல இருக்குறது எவ்ளோ நாள் தாங்கும்னு விக்கிறவருக்கே தெரியாது. தாத்தாவோட மாலை போட்ட படம் பல வீட்டுல ஒரே ஒரு காப்பிதான் இருக்கும். அது வெளுத்துப் போனா மறுபடி எங்க போய் எடுப்பாங்க?

சந்தேகமா? லோக்கல் இங்க் பிரிண்ட் ஒண்ணு, கம்பெனி இங்க் பிரிண்ட் ஒண்ணு. ரெண்டுலயும் பாதியை அட்டை வெச்சு மூடி, வெயில் படுற ஜன்னல்ல ஒட்டுங்க. மாசக்கணக்குல விட்டுட்டு அட்டையை எடுங்க. திண்டுக்கல் வெயில் பொய் சொல்லாது.

பாஸ்போர்ட் சைஸ், காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கெல்லாம் லோக்கல் இங்க் தாராளமா போடுங்க. சுவத்துல மாட்டுற படத்துக்கு, இன்ன இங்க், இன்ன வெலன்னு கஸ்டமர்கிட்ட சொல்லிட்டுப் போடுங்க. மலிவா போடுறது தப்பில்ல. சொல்லாம போட்டுட்டு கம்பெனி இங்க் ரேட்டு வாங்குறதுதான் தப்பு.

டிஸ்கி: டை இங்க் ஓடுற டேங்க்ல பிக்மென்ட் இங்க்கை ஊத்திட்டு, ஹெட் அடைச்சா என்னைத் திட்டாதீங்க :-)