மூன்று கிலோமீட்டர் செம்மண் சாலை



கடந்த மழைக்காலத்தில் ஒரு காலைப்பொழுது. பள்ளி மணி அடித்து முக்கால் மணி நேரம் கடந்தும் இரண்டாம் ஆண்டு வகுப்பில் பாதி நாற்காலிகள் காலியாகவே இருந்தன. பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். காலணிகளைக் கையில் பிடித்திருந்தார்கள். வெள்ளைக் காலுறைகள் செம்மண் நிறத்துக்கு மாறியிருந்தன. பள்ளி வேன் தோட்டத்து முச்சந்தியிலேயே நின்றுவிட்டதாம். செம்பனைக் குலை ஏற்றும் லாரிகள் உழுதுவிட்டுப் போன பள்ளங்களில் இறங்கினால் ஏற முடியாது என்று ஓட்டுநர் மறுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேன் அவருடையது, பழுது பார்க்கும் செலவும் அவருடையதே.

அன்று முதல் பாடம் வாசிப்பு. நேரத்தோடு வந்தவர்களுக்கு ஒருமுறை, நடந்து வந்தவர்களுக்கு மறுமுறை என இரண்டு தடவை நடத்தினேன். இரண்டாம் தடவை நடத்தும்போது நடந்து வந்த பிள்ளைகளில் ஒருத்தி மேசையில் தலை சாய்த்து உறங்கிவிட்டாள். எழுப்பவில்லை.

அந்தப் பள்ளித் திடலில் நின்றால் நெடுஞ்சாலையில் விரையும் வாகனங்களின் இரைச்சல் காதில் விழும். நாட்டின் தலைசிறந்த சாலை அது. அதற்கும் எங்கள் வகுப்பறைக்கும் இடையே மூன்று கிலோமீட்டர் செம்மண் சாலை. இக்கட்டுரை அந்த மூன்று கிலோமீட்டரைப் பற்றியதுதான்.

பாதைகள் யாருக்காக வந்தன?

நெகிரி செம்பிலானுக்குப் போக்குவரத்து வளர்ச்சி புதிதன்று. சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த சுங்கை ஊஜோங் இரயில் பாதை 1891ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. மலாயாவின் முதல் இரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடத் தொடங்கி ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. சுங்கை ஊஜோங் பாதை ஈயத்தைத் துறைமுகத்தில் சேர்ப்பதற்காகப் போடப்பட்டது. பின்னர் ரப்பர் வந்தது. அதுவும் இரயில் ஏறித் துறைமுகத்துக்குச் சென்றது. 1910இல் கெமாசிலிருந்து பகாவுக்குப் பாதை திறக்கப்பட்டு, அதுவே வடக்கே நீண்டு 1931இல் கிழக்குக் கரை இரயில் பாதையாக நிறைவுற்றது.

இந்தப் பாதைகளுக்கு மண் வெட்டியவர்களிலும், கல் உடைத்துச் சடக்குப் போட்டவர்களிலும் நம் முன்னோர் திரளாக இருந்தனர். சப்பானியர் ஆட்சியில் 1942, 1943ஆம் ஆண்டுகளில் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரவர் சயாம்–பர்மா இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையின் ஓரத்திலேயே பெருந்தொகையினர் மாண்டனர். நம் கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டு அங்கே கொண்டுபோகப்பட்டன. ஆளையும் எடுத்தார்கள்; அவர்கள் போட்ட தண்டவாளத்தையும் எடுத்தார்கள்.

விடுதலைக்குப் பின் வந்த வளர்ச்சியை நான் மறைக்கவில்லை. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்பட்டது. 1995இல் கொமுட்டர் மின்இரயில் சிரம்பானுக்கு வந்தது. சிரம்பான்–கெமாஸ் இரட்டைப் பாதையை இந்திய அரசு நிறுவனமான இர்கான் 2013இல் கட்டி முடித்தது. 2025 இறுதியில் மின்இரயில் ஜொகூர் பாரு வரை ஓடத் தொடங்கியது. என்னிடம் படித்த தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இந்தச் சாலைகளிலும் இரயில்களிலும் ஏறித்தான் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றனர். நன்றி மறக்கலாகாது.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். லாபு வட்டாரத் தோட்ட நிலத்தில் விமான நிலையம் அமைக்க 2009 சனவரியில் பெரிதாகப் பேசப்பட்டது. அந்த மாதம் முடிவதற்குள் கைவிடப்பட்டது. கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக இரயிலுக்குச் சிரம்பானிலும் ஒரு நிலையம் என்றனர்; அத்திட்டம் 2021 சனவரி முதல் நாள் முடிவுக்கு வந்தது. சிங்கப்பூருக்கு இழப்பீடாக மட்டும் பத்துக் கோடி சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல் கொடுக்க நேர்ந்தது. வராத திட்டங்களுக்கெல்லாம் வரைபடம் இருந்தது. தோட்ட முச்சந்தியிலிருந்து தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் சாலை எந்த வரைபடத்தில் இருக்கிறது?

கணக்கில் வராத சாலை

இது வெறும் அலட்சியத்தால் நேர்ந்ததன்று. இதற்குச் சட்டக் காரணம் உண்டு. பெற்றோர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது.

தோட்டத்துச் சாலை தோட்ட நிறுவனத்தின் சொந்த நிலத்தில் ஓடுகிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 109ஆம் பிரிவின்படி மாநிலங்களுக்குச் சாலைப் பராமரிப்பு மானியம் வழங்கப்படுகிறது. ஒரு மைல் சாலையைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவு, மாநிலச் சாலைகள் மொத்தம் எத்தனை மைல் என்ற இரண்டையும் கொண்டே அம்மானியம் கணக்கிடப்படுகிறது. தனியார் நிலத்தில் ஓடும் சாலை மாநிலச் சாலை ஆகாது; எனவே அந்தக் கணக்கில் ஒரு மைலாகவும் அது சேராது. மனுக் கொடுத்தால் பொதுப்பணித் துறை தோட்ட நிர்வாகத்தைக் கைகாட்டும். நிர்வாகமோ, குலை ஏற்றும் லாரி போனால் போதும் என்றிருக்கும். லாரியின் சக்கரத்துக்கு ஏற்ற சாலை, ஆறு வயதுப் பிள்ளையின் காலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை.

இதன் விளைவு எங்கே போய் முடிகிறது தெரியுமா? பள்ளிப் பதிவேட்டில்.

முதலாம் ஆண்டுப் பதிவின்போது ஒரு தாய் என்னிடம் கூறிய சொற்கள் இன்னும் நினைவில் உள்ளன: "சார், தமிழ்ப்பள்ளி வேண்டான்னு நாங்க சொல்லல. ரெண்டு பேரும் காலையில வேலைக்குப் போறோம். வேன் உள்ள வராதுங்கறாங்க. புள்ளைய எப்படி அனுப்புறது?" அவர் தம் பிள்ளையைப் பெரிய சாலையோரம் இருந்த வேறு பள்ளியில் சேர்த்தார். நாமோ மேடையேறி, பெற்றோருக்குத் தமிழ்ப்பற்று குறைந்துவிட்டது என்று முழங்குகிறோம். அந்தத் தாய்க்குப் பற்று குறையவில்லை; பாதைதான் இல்லை.

1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520க்குச் சற்றே அதிகம். தோட்டங்கள் துண்டாடப்பட்டதும் மக்கள் நகருக்குப் பெயர்ந்ததும் இதற்குப் பெருங்காரணங்கள். ஆனால் எஞ்சிய பள்ளிகளில் 150 அல்லது அதற்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட 'குறைந்த மாணவர் பள்ளிகள்' எத்தனை எத்தனை! அவற்றுள் பிள்ளை இல்லாமல் சுருங்கியவை எவை, பிள்ளை வந்துசேர வழி இல்லாமல் சுருங்கியவை எவை என்று நாம் பிரித்துப் பார்த்ததுண்டா?

"பள்ளியையே நகருக்கு மாற்றிவிடலாமே!"

நண்பர்கள் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். தோட்டத்தில் குடும்பமே இல்லாத நிலையில் பள்ளியை மட்டும் அங்கே வைத்திருப்பது வீண். மக்கள் பெருகியுள்ள குடியிருப்புப் பகுதிக்கு அதை மாற்றுவதே அறிவுடைமை. அப்படி இடம் மாறிய பள்ளிகள் தழைத்ததும் உண்டு.

ஆனால் எல்லாப் பள்ளிக்கும் இந்த மருந்து பொருந்தாது. நிலம் கிடைத்து, ஒதுக்கீடு வந்து, கட்டடம் எழும்ப ஆண்டுகள் பல ஆகும். அதுவரை படிக்கும் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தோட்டத்திலேயே தங்கிவிட்டவர்கள் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள். பள்ளி நகருக்குப் போய்விட்டால் அதே மூன்று கிலோமீட்டரை அப்பிள்ளைகள் எதிர்த்திசையில் கடக்க வேண்டும். அதற்கு அப்பால் பேருந்தும் பிடிக்க வேண்டும். பள்ளியை நகர்த்தினாலும் சாலை அதே சாலைதான்.

செய்யத்தக்கவை

முதலாவது, வழியுரிமை. நம் தேசிய நிலச் சட்டம், தனியார் நிலத்தின் ஊடே பொதுமக்கள் சென்றுவர வழியுரிமை ஏற்படுத்தும் அதிகாரத்தை நில நிர்வாகிக்கு அளிக்கிறது. தமிழ்ப்பள்ளிக்குச் செல்லும் ஒவ்வொரு தோட்டச் சாலைக்கும் இதைக் கோரலாம். தோட்டம் துண்டாடப்படும்போதோ வீடமைப்புக்கு மாற்றப்படும்போதோ பள்ளிச் சாலையைப் பொதுச் சாலையாக ஒதுக்கச் சொல்லி முன்கூட்டியே மனுச் செய்ய வேண்டும். வேலி எழும்பிய பிறகு ஓடுவது, தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும்.

இரண்டாவது, வண்டி. ஆதாயம் தராத தடத்தில் அரசு பணம் கொடுத்துப் பேருந்து ஓட்டச் செய்வது புதுமையன்று. 2015இல் மைபஸ் என்ற பெயரில் சிரம்பானில் தொடங்கிய சேவை அத்தகைய ஏற்பாடுதான். கிள்ளான் பள்ளத்தாக்கில் அழைத்தால் வரும் சிற்றுந்துகளும் அண்மை ஆண்டுகளில் வந்துவிட்டன. நகரத்துப் பயணிக்குச் செய்யப்படும் உதவியைத் தோட்டத்துப் பள்ளிப்பிள்ளைக்கும் செய்யுங்கள் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது.

மூன்றாவது, நம் கடமை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஒரு குறிப்பேடு வைக்கட்டும். எந்த நாளில் வேன் வரவில்லை, எத்தனை பிள்ளைகள் நடந்தனர், எவ்வளவு பாடநேரம் போயிற்று என்று ஓராண்டு முழுதும் எழுதட்டும். "சாலை சரியில்லை" என்ற முறையீட்டை அதிகாரி புன்னகையோடு கேட்டு அனுப்பிவிடுவார். நாளும் கணக்கும் நிறைந்த குறிப்பேட்டை அவ்வளவு எளிதில் ஒதுக்க இயலாது. சட்டமன்ற உறுப்பினர், மாவட்ட நில அலுவலகம், தோட்ட நிர்வாகம் மூவருக்கும் அதன் படியை அனுப்புங்கள்.

நெகிரி செம்பிலானில் ஏறத்தாழ 60 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளிக்கும் போகும் வழியை அளந்து ஒரே பட்டியலாக்கினால், நாம் கேட்கும் சாலையின் மொத்த நீளம் ஒரு நெடுஞ்சாலையின் சிறு துண்டு அளவே இருக்கும் என்பது என் நம்பிக்கை. ஊர் கூடினால் இழுக்க முடியாத தேரன்று இது.

அன்று உறங்கிப்போன மாணவியை இடைவேளையில் எழுப்பி, விடுபட்ட பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். தடுமாறாமல் வாசித்தாள். அவளால் முடியும். பள்ளிக்கு வந்துசேர்ந்தால் போதும்.

உங்கள் பள்ளிக்குச் செல்லும் சாலை எவ்வாறு உள்ளது? அது யாருடைய நிலத்தில் ஓடுகிறது? அறிந்தவர்கள் எழுதுங்கள். நம் பட்டியலை அங்கிருந்தே தொடங்குவோம்.