மிளகின் மணமும் இரவல் சொற்களும்

நாசிக் வட்டாரத்தின் சிறிய ஒயின் ஆலைகளில், சிரா திராட்சையிலிருந்து குறைந்த அளவில் வடிக்கப்படும் சிவப்பு ஒயினைச் சுவைக்கத் தரும்போது, உடன் ஒரு குறிப்பட்டையையும் நீட்டுவதுண்டு. பிளாக்பெர்ரி, வயலட் மலர், ஆலிவ், புகையூட்டிய இறைச்சி என்று அதில் அச்சிட்டிருக்கும். சுவைக்க வந்தவர்களுள் பலர் பிளாக்பெர்ரியை உண்டதில்லை. வயலட் மலரை முகர்ந்ததுமில்லை. ஆயினும் தலையசைக்கின்றனர். அந்தத் தலையசைப்பை ரசனை என்று எடுத்துக்கொள்வதே இந்திய ஒயின் உலகின் பிழை.

சொல் நாவை எவ்வளவு தூரம் வழிநடத்தும் என்பதற்குச் சான்று உண்டு. 2001-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், போர்தோ நகரில் ஒயினியல் பயின்ற 54 மாணவர்களுக்கு, மணமற்ற சாயத்தால் சிவப்பாக்கப்பட்ட வெள்ளை ஒயின் தரப்பட்டது. அவர்கள் அதனைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். பயிற்சி பெற்றவர்களையே நிறம் இவ்வாறு ஆட்டுவிக்குமெனில், முதன்முறை கிண்ணம் ஏந்துபவரை அச்சிட்ட அட்டை என்னதான் செய்யாது!

இத்தனைக்கும் சிராவுக்கு மிகப் பொருத்தமான சொல் இந்நாட்டு அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. சிராவில் எழும் மிளகு மணம் வெறும் உவமையன்று. ரொட்டண்டோன் என்னும் சேர்மமே அதற்குக் காரணம் என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் நிறுவினர். கருமிளகின் மணத்துக்கும் அதே சேர்மமே அடிப்படை. சைப்பரஸ் ரொட்டண்டஸ் என்ற தாவரத்தில் முன்னரே அறியப்பட்டிருந்ததால் அதற்கு அப்பெயர் வந்தது. அத்தாவரம் வேறொன்றுமன்று, நாட்டு மருந்துக் கடைகளில் விற்கும் கோரைக்கிழங்குதான். ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு அதனை உணர்ந்துவிடும். அதே ஆய்வில் பங்கேற்றவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரால், செறிவு மிகுந்தபோதும் அம்மணத்தை அறிய இயலவில்லை. ஆகவே மிளகை உணராதவர் ரசனை அற்றவர் அல்லர். அவரது மூக்கின் அமைப்பே வேறு.

இடமும் கணக்கில் வரவேண்டும். குளிர்ந்த தட்பவெப்பத்தில் விளையும் சிராவில் ரொட்டண்டோன் மிகும். வெப்பத்தில் அது குறையும். பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கில் திராட்சை பறிப்பது இலையுதிர் காலத்தை ஒட்டி. நாசிக்கிலோ குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும் வேளையில். அங்குள்ள ஒயினுக்கு எழுதிய குறிப்பைப் பெயர்த்து இங்குள்ள புட்டியில் ஒட்டினால், கிண்ணத்தில் இல்லாததை அட்டை வாக்களிக்க நேரும்.

சிவப்பு ஒயினின் டானின் நாவை வறட்டுவதற்கும் இந்திய மொழிகளில் சொற்பஞ்சம் இல்லை. தமிழ் அதனைத் துவர்ப்பு என்று அறுசுவைகளுள் ஒன்றாகவே வைத்தது. மராத்தியில் துரட், இந்தியில் கசைலா, கன்னடத்தில் ஒகரு, தெலுங்கில் வகரு என அன்றாடப் பேச்சிலேயே அச்சுவைக்குப் பெயருண்டு. நாவற்பழமும் நெல்லிக்காயும் தின்று வளர்ந்தவருக்கு இளம் சிராவின் துவர்ப்பை எவரும் விளக்க வேண்டியதில்லை. அவரையே சொல்லவிட்டால் போதும்.

உலகச் சந்தைக்குப் பொதுவான கலைச்சொல் வேண்டாவா என்ற மறுப்பு எழலாம். வேண்டும்தான். ஆனால் பொதுச்சொல் உருவான முறையையும் காணவேண்டும். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபல் 1980-களில் மணச்சக்கரத்தை வகுத்தபோது, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே முகர்ந்து பார்க்கத்தக்க ஒரு பொருளை வைக்கவேண்டும் என்பதே அடிப்படையாக இருந்தது. அம்முறையைக் கைக்கொள்ளாமல் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டதால் வந்ததே இன்றைய குழப்பம். சுவைக்கும் மேசையில் இடித்த மிளகும், நாவற்பழமும், உலர்ந்த கோகமும் சிறு கிண்ணங்களில் இருந்தால், அதுவே அம்முறைக்கு உண்மையான மரியாதை.

இது அழகியல் வாதம் மட்டுமன்று; சிறு உற்பத்தியாளரின் பிழைப்போடு பிணைந்தது. மது மாநிலப் பட்டியலில் உள்ளதால், ஒவ்வொரு மாநிலத்திலும் ஆயத்தீர்வையும் முத்திரைச்சீட்டுப் பதிவும் தனித்தனி. சில ஆயிரம் புட்டிகளை மட்டும் நிரப்புபவருக்கு அச்செலவு கட்டுப்படியாகாது. தோட்டத்துக்கே வந்து சுவைத்து வாங்குவோரே அவருக்குப் பெரும் துணை. தன் நாக்குக்குத் தகுதியில்லை என்ற கூச்சத்தோடு திரும்பிச் செல்பவர் மறுமுறை வருவது அரிது. பெருநிறுவனத்துக்கு விளம்பரம் இருக்கிறது. சிறிய ஆலைக்கோ, திராட்சையைக் கத்தரித்த கையே ஒயினையும் ஊற்றுகிறது. அக்கையுடையவர் அட்டையை ஒதுக்கி வைத்துவிட்டு, “உங்களுக்கு இது எதை நினைவூட்டுகிறது?” என்று வந்தவரின் மொழியிலேயே கேட்கட்டும். அதற்கு உரிமக் கட்டணம் எந்த மாநிலத்திலும் இல்லை.