மிளகின் எளிய உறவினர்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஒரு காலத்தில் மிளகு விலையைக் கூவிக் கூவியே முடிவு செய்தார்கள். 1957இல் தொடங்கிய முன்பேர வர்த்தகம் அது. இன்று அந்தக் கிடங்குகளில் பல கலைப்பொருள் கடைகளாகிவிட்டன. ஆனால் மிளகு விவசாயியின் தலையெழுத்தை எழுதுவது சந்தை மட்டுமல்ல, ஃபைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரியும்தான். தென்மேற்குப் பருவமழையில் அது வேரைத் தாக்கினால், பச்சைப்பசேலென்று நின்ற கொடி சில வாரங்களில் பட்டுப்போகும். இந்தத் துரித வாடலால் தோட்டத்தையே இழந்தவர்கள் வயநாட்டிலும் இடுக்கியிலும் உண்டு. புதுக்கொடி காய்க்க மூன்றாண்டு காத்திருக்க வேண்டும்.

இந்த நோய்க்கு அசையாத உறவினர் ஒருவர் மிளகுக்கு இருக்கிறார். தென் அமெரிக்கச் சதுப்பு நிலத்துக்காரர். தாவரவியல் பெயர் பைப்பர் கொலுப்ரினம். கேரள விவசாயிகளுக்கு பிரேசில் திப்பலி. அதன் தண்டில் மிளகை ஒட்டுக்கட்டி நடுகிறார்கள். வேர் அழுகாது. ஆனால் கோடையில் தண்ணீர் ஊற்றாவிட்டால் சதுப்பில் வளர்ந்த வேர் தாங்காது.

அப்படியானால் எதிர்ப்பு சக்தியை மிளகுக்கே கொண்டுவர முடியாதா? இங்கேதான் சிக்கல். மிளகுக்கு 52 குரோமோசோம்கள், நான்கு தொகுதி. கொலுப்ரினத்துக்கு 26, இரண்டே தொகுதி. இரண்டையும் கலப்பது லேசான காரியமல்ல. ஆனால் படிப்பதற்கு எளியது கொலுப்ரினம்தான். ஒரே நூலின் நான்கு பிரதிகள் ஏடு கலைந்து கிடந்தால் எந்த ஏடு எந்தப் பிரதிக்கு உரியது என்று தடுமாறாத பதிப்பாசிரியர் உண்டா?

ஸ்ட்ராபெரிக்காரர்கள் இதைத்தான் செய்தார்கள். பயிர்ச் செடிக்கு எட்டுத் தொகுதி, 56 குரோமோசோம்கள். அதை விட்டுவிட்டு, 14 குரோமோசோம் மட்டுமே கொண்ட காட்டு ஸ்ட்ராபெரியின் மரபணுத் தொகுதியை முதலில் படித்து 2010 டிசம்பரில் வெளியிட்டார்கள். பயிர்ச் செடியின் முறை 2019இல்தான் வந்தது.

அதே 2019இல் மிளகின் மரபணுத் தொகுதியும் வெளியானது. முன்னின்று செய்தவர்கள் சீன விஞ்ஞானிகள். சங்கப் பாடல்கள் 'கறி' என்று சொல்லும் மிளகு பிறந்தது நம் மேற்கு மலைகளில்! கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் நோய்க்கு விடை தேடுகிற வேலை இங்கேயும் நடக்கிறது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த் தொழில்நுட்ப மையத்தில் கொலுப்ரினத்தின் நோயெதிர்ப்பு மரபணுக்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த மரபணுக்கள் கொடியில் ஏறித் தோட்டத்துக்கு வரும்வரை, பிரேசில் திப்பலிக்குக் கோடையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமப்பது விவசாயியின் வேலை.